ஒரு டப்பாவில் மூன்று கார்

போன தீபாவளி லீவில் எங்கள் வீட்டு பால்கனியில் ஒரு கார் விபத்து. உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. காரின் நீளமே ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவுதான். விபத்துக்குக் காரணம் அடியேன்.

விவரமாகச் சொல்லிவிடுகிறேன். தங்கமணியின் தம்பி அமெரிக்காவில், டெட்ராய்ட்டை ஒட்டிய ட்ராய் என்ற ஊரில் இருக்கிறான். கார் கம்பெனி வேலைக்குப் போன நம்மூர்ப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு அங்கேதான் ஜாகை. லீவுக்குப் புனே வந்தவன், அக்கா மகளுக்குச் சாக்லேட்டோடு ஓர் அட்டை டப்பாவும் கொண்டுவந்தான். உள்ளே 1953 ஃபோர்டு பிக்கப் வண்டி. 1:25 அளவு. ஏ.எம்.டி. என்ற பெயரில் வரும் பிளாஸ்டிக் கிட். சின்னச் சின்ன வெள்ளைத் துண்டுகள், ஜன்னல் கம்பி மாதிரி ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, ஒட்டி, பெயின்ட் அடித்தால் வண்டி. "பொட்டப்புள்ளைக்கு எதுக்குடா காரு?" என்று மாமியார் கேட்டது தனிக்கதை.

பெயின்ட் மட்டும் அவன் கொண்டுவரவில்லை. தீப்பிடிக்கும் சரக்கு, விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். இங்கேதான் அடியேன் உள்ளே நுழைந்தேன். சாக்கனில் ஒரு தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் பதினெட்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் நிஜ வண்டிகள் கண்ணெதிரே வண்ணம் பூசிக்கொண்டு போகின்றன. ஒரு சாண் வண்டி எம்மாத்திரம்? பன்னிரண்டு வயது மகள் தன் வாட்டர் கலர் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "நீ கெடுத்துடுவே கண்ணு, தள்ளு. அப்பா அடிச்சுத் தர்றேன்" என்று வாங்கிக்கொண்டேன். கார் கீறலுக்கு அடிக்கும் டச்-அப் ஸ்ப்ரே டப்பா ஒன்றைத் தெருமுனை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கிவந்து, நேராக பிளாஸ்டிக் மேலேயே அடித்தேன்.

முதல் இரண்டு நிமிஷம் அருமையாக இருந்தது. அப்புறம் பானெட் மேலே சிலந்தி வலை மாதிரி கோடுகள். பிறகு வறண்ட ஏரி மாதிரி வெடிப்பு. தொட்டுப் பார்த்தால் பிளாஸ்டிக்கே கொழகொழ. மகள் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. துண்டுகளையெல்லாம் டப்பாவில் போட்டு மூடி அலமாரி உச்சியில் வைத்துவிட்டு, புத்தகம் படிக்கப் போய்விட்டாள்.

ஏன் வெடித்தது என்று தேடத் தொடங்கினேன். அது எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய் ஒரு பெரிய கதையில் விட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வெடிப்பு. நான் பழகிய பிளாஸ்டிக் நிஜக் காரின் பம்பர். அது பாலிப்ரோப்பிலீன்; தின்னரைக் கண்டு அசையாத முரட்டு ஜாதி. மாடல் கார் செய்வது பாலிஸ்டைரீனில். டச்-அப் ஸ்ப்ரேயில் இருக்கும் அசிட்டோன், டொலுவீன் போன்றவை அதைக் கரைத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், மாடல் கிட்டை ஒட்டும் பசையும் இதே வேலையைத்தான் செய்கிறது. அது கோந்து மாதிரி நடுவில் நின்று ஒட்டுவதில்லை. இரண்டு பக்கத்தையும் லேசாக இளக்கி, ஒன்றோடொன்று கலக்கவிட்டு, தான் ஆவியாகிப் போய்விடும். பிறகு அது ஒரே துண்டு. கிட்டத்தட்ட வெல்டிங். ஆக, இந்தக் காரைக் கட்டுவதும் கரைப்பான்தான், கெடுப்பதும் கரைப்பான்தான். அளவுதான் வித்தியாசம்.

இனி கதைக்கு வருவோம். இந்தச் சின்னக் கார்கள் பிறந்தது குழந்தைகளுக்காக அல்ல, கார் விற்பதற்காக. இரண்டாம் உலகப்போர் முடிந்து டெட்ராய்ட் மறுபடியும் கார் செய்யத் தொடங்கிய நேரம். 1948-ல் வெஸ்ட் கேலோக்லி என்ற டெட்ராய்ட் வக்கீல் 'அலுமினியம் மாடல் டாய்ஸ்' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். ஃபோர்டு காரை அச்சு அசலாகச் சின்னதாக அலுமினியத்தில் வார்த்து ஷோரூம்களுக்குக் கொடுப்பது வியாபாரம். அப்பா கார் பார்க்க வரும்போது பையன் கையில் ஒரு குட்டிக் காரைக் கொடுத்து அனுப்பினால், வீட்டில் அது தினமும் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும் இல்லையா? நம்மூர் நகைக்கடை மஞ்சப்பை உத்திதான். சீக்கிரமே அலுமினியம் போய் பிளாஸ்டிக் வந்தது. பெயரும் ஏ.எம்.டி. என்று சுருங்கியது. நிஜக் காருக்குக் கம்பெனி என்ன வண்ணம் வைத்திருந்ததோ அதே வண்ணத்தில் இவையும் வந்தன. அந்தக் காலத்து அசிடேட் பிளாஸ்டிக்குக்கு ஒரு வியாதி உண்டு. நாள்பட நாள்பட முறுக்கிக்கொள்ளும். ஐம்பதுகளின் அந்தக் கார்களில் நேராக நிற்கும் ஒன்று கிடைத்தால் சேகரிப்பவர்கள் கொண்டாடுகிறார்கள். 1960-களின் தொடக்கத்தில் பாலிஸ்டைரீன் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

இன்னொரு பக்கம், ஒட்டிச் செய்யும் கிட்டுகள் தனியாக வளர்ந்துகொண்டிருந்தன. கலிஃபோர்னியாவில் ரெவெல் கம்பெனி 1951-லிருந்து 'ஹைவே பயனியர்ஸ்' என்று பழங்காலக் கார்களை விற்றது. சிகாகோவில் மோனோகிராம் 1954-ல் தன் முதல் முழு பிளாஸ்டிக் கிட்டுகளைக் கொண்டுவந்தது. எல்லாவற்றிலும் பேச்சு ஒன்றுதான். டப்பா மேல் இருக்கும் படத்தைப் பார், அதைப் போலவே செய்.

1958-ல் ஏ.எம்.டி. ஒரு காரியம் செய்தது. ஷோரூமுக்காகச் செய்த அதே அச்சுகளில் வார்த்த அந்த வருஷத்துப் புதுக் கார்களைப் பிரித்து, கிட்டாகக் கடையில் வைத்தது. கூடவே ஒரே டப்பாவில் மூன்று விதமாகச் செய்ய உபரித் துண்டுகளைப் போட்டது. கம்பெனியிலிருந்து வந்தபடியே செய்யலாம். ரேஸ் காராகச் செய்யலாம். இல்லையென்றால் 'கஸ்டம்', அதாவது உன் இஷ்டப்படி. வேறு மாதிரி முன்பக்க கிரில், வேறு டெயில் லைட், பின்சக்கரத்தை மூடும் தட்டு, ஒட்டிக்கொள்ள டெக்கால் படங்கள். மூன்றுக்கும் ஒரே பாடிதான். எந்தத் துண்டைப் போடுவது, எதை விடுவது என்பது பையன் பாடு.

இதில் பெரிய பொறியியல் எதுவும் இல்லை. ஆரம்பத்து டப்பாக்களில் என்ஜின்கூடக் கிடையாது. அடுத்த வருஷம், 1959-ல் வந்த 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் கிட்டில்தான் ஒழுங்கான என்ஜின் வந்தது. ஆனால் பாருங்கள், கூடவே வந்த விளக்கத்தாளே 'இப்படித்தான் செய்ய வேண்டும்' என்பதை விட்டுவிட்டு, 'இப்படியும் செய்யலாம், அப்படியும் செய்யலாம்' என்று பேச ஆரம்பித்தது. டப்பாவில் மூன்று வழி இருக்கிறது என்றால் நாலாவது வழி ஏன் இருக்கக்கூடாது என்று பையன்கள் கேட்க எத்தனை நாள் ஆகும்?

அவர்களுக்கு முன்மாதிரி நிஜத் தெருவிலேயே இருந்தது. போருக்குப் பிந்தைய லாஸ் ஏஞ்சலிஸில் பழைய ஃபோர்டு, மெர்க்குரி கார்களை வாங்கி அறுத்து ஒட்டும் பட்டறைகள் நிறைய. அவற்றில் பேர்பெற்றது ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் என்ற கிரேக்க வம்சாவளிச் சகோதரர்களின் பட்டறை. கூரையைத் தாங்கும் தூண்களை நாலைந்து அங்குலம் அறுத்து எடுத்துவிட்டுக் கூரையை இறக்கி வெல்டு வைப்பார்கள். ஹெட்லைட்டை உடம்புக்குள் புதைப்பார்கள். கைப்பிடி, பெயர்ப்பலகை எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, ஓட்டையில் ஈயத்தை உருக்கி ஊற்றி, அரத்தால் ராவி வழுவழுப்பாக்குவார்கள். 1952-ல் பாப் ஹிரோஹாட்டா என்ற ஜப்பானிய வம்சாவளி வாடிக்கையாளருக்கு அவர்கள் மாற்றிக்கொடுத்த 1951 மெர்க்குரி, 2022-ல் இருபது லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

ஏ.எம்.டி. இந்த ஜார்ஜ் பாரிஸையே ஆலோசகராக அழைத்துக்கொண்டது. 1929 ஃபோர்டு பிக்கப்பை அவர் பட்டறை மாற்றியமைத்த 'ஆலா கார்ட்' என்ற வண்டி 1958, 1959 இரண்டு வருஷமும் அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டர் என்று பரிசு வாங்கியது. 1961-ல் அது கிட்டாகவும் வந்தது. போட்டிக்கு ரெவெல், எட் ராத் என்ற இன்னொரு கலிஃபோர்னியா ஆசாமியைப் பிடித்தது. மனுஷன் முதலில் வண்டிகளில் கோடு இழுத்துப் பிழைத்தவர். பிறகு ஃபைபர் கிளாஸில் விண்கலம் மாதிரி கார் கட்டினார். அவருடைய 'அவுட்லா' 1962-ல் கிட் ஆனது, 'பீட்னிக் பேண்டிட்' 1963-ல். கிட் ஒன்றுக்கு ஒரு சென்ட் அவருக்கு ராயல்டி. அதே 1963-ல் டாம் வுல்ஃப் 'எஸ்குயர்' பத்திரிகையில் இந்தப் பட்டறைக்காரர்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். இவர்களைச் சிற்பிகள் மாதிரி, ஓவியர்கள் மாதிரி பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி.

படித்த எனக்கு நாமக்கல் ஞாபகம் வந்துவிட்டது. கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். பெரியப்பா லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். வெறும் சேஸிஸாக வரும் லாரி, மரமும் தகரமும் அடித்து, பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, கடைசியில் அவர் கைக்கு வரும். நீள முடி பிரஷ்ஷை முக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கேபின் ஓரமாக ஒரே இழுப்பில் ஒரு கோடு. ஸ்கேல் கிடையாது, நூல் கிடையாது. பின்கதவில் பூ, மயில், ஓனர் பிள்ளைகள் பெயர். கலிஃபோர்னியாவில் இதே வேலையில் ஐம்பதுகளில் பெயர் வாங்கியவர் வான் டட்ச் என்ற கென்னத் ஹோவர்டு. அவருடைய அப்பா போர்டு எழுதும் பெயின்டர். சின்ன வயதிலேயே பிரஷ் கைக்கு வந்திருக்கும்.

எனக்கு வரவில்லை. "தள்ளி நில்லு சாமி, பெயின்ட்டு வெல கொடுத்து வாங்குனது" என்பார் பெரியப்பா. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. யாரோ ஒருவருடைய லாரி. கடன் வாங்கி எடுத்த வண்டி. அதில் பத்து வயசுப் பையன் கை வைத்துப் பழக முடியுமா? கடைசிவரை ஒரு கோடுகூட இழுக்காமல்தான் பெயின்ட் படித்து, பெயின்ட் வேலைக்கே வந்தேன்.

இங்கேதான் அந்த டப்பாவின் விலை முக்கியமாகிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கிட் சுமார் ஒன்றரை டாலர். பேப்பர் போட்டு, புல்வெட்டிச் சேர்க்கிற காசில் பையனே வாங்கிவிடலாம். நிஜ மெர்க்குரியின் கூரையை அறுக்க பாரிஸ் சகோதரர்களின் கை வேண்டும். பிளாஸ்டிக் மெர்க்குரியின் கூரையை அறுக்கச் சின்ன ரம்பம் ஒன்று போதும். கோணலாகப் போனால் பட்டி வைத்து நிரப்பலாம். அதுவும் சரிவரவில்லையென்றால் ஒன்றரை டாலரோடு போச்சு. மீந்த துண்டுகளைத் தனி டப்பாவில் போட்டுவைத்து அடுத்த காருக்கு எடுத்துக்கொள்வார்கள். சட்டத்துண்டை மெழுகுவத்தி மேலே காட்டி இளக்கி இழுத்தால் முடிபோல நூல் வரும். அது ரேடியோ ஆன்டெனா. இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க 'கார் மாடல்' போல இதற்கென்றே மாத இதழ்கள் வந்தன. கடைகளில் போட்டி வைத்தார்கள்.

அந்த பிளாஸ்டிக் பாடி அறுக்க வசதியாக இருந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. ரெவெலின் அந்தக் காலத்துக் கிட்டுகளில் பக்கவாட்டு, கூரை எல்லாம் தனித்தனித் துண்டுகள். ஒட்டினால் இணைப்பு தெரியும். ஏ.எம்.டி.யின் அச்சோ நாலு பக்கமும் மேலேயும் தனித்தனியாக நகர்ந்து திறக்கிற மாதிரி அமைந்தது. அதனால் முழு பாடியும் ஒரே வார்ப்பில் வந்துவிடும். ஆனால் அந்த அச்சுக்கு ஆயுசு குறைவு. டெட்ராய்ட் வருஷா வருஷம் காரின் முகத்தை மாற்றும். இவர்களும் பழைய அச்சையே வெட்டிச் செதுக்கி அடுத்த வருஷத்துக் காராக்கிவிடுவார்கள். போன வருஷத்துக் கார் போனது போனதுதான். அறுபதுகளின் டப்பாக்கள் சிலவற்றுக்கு இன்றைக்கு ஏன் அந்த விலை என்பதற்கு இது பாதிக் காரணம்.

பெயின்ட் விஷயத்துக்கு வருகிறேன். இது நம்ம ஏரியா. இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டில் 1929-ல் தொடங்கிய டெஸ்டர்ஸ் கம்பெனியின் சின்னச் சதுரக் கண்ணாடிப் புட்டிகள்தான் அந்தத் தலைமுறைப் பையன்களின் முதல் பெயின்ட். கட்டைவிரல் உயரம். புட்டியில் முக்கிப் பிரஷ்ஷால் தடவினால் கோடு கோடாகத் தெரியும். ஏன் தெரியும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நிஜக் காரில் எல்லாப் பூச்சும் சேர்ந்து சுமார் 100 மைக்ரான் கனம். 1:25-ல் அது 4 மைக்ரானாக இருக்க வேண்டும். அது முடியாத காரியம். மாடல் மேல் 40 மைக்ரான் ஏறினாலே, நிஜக் காரில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குத் தோசை மாவு ஊற்றியதுபோல் ஆகிவிடும். கதவு இடுக்கு, எழுத்து எல்லாம் மூழ்கிப் போகும். அதனால்தான் தெரிந்தவர்கள் பனிபோல மெல்ல மெல்லப் பல தடவை அடிக்கிறார்கள். நான் ஒரே அடியாக அடித்தேன். பதினெட்டு வருஷ அனுபவம் :-)

அதே காலத்தில் கலிஃபோர்னியப் பட்டறைகளில் 'கேண்டி' வண்ணம் வந்தது. ஜோ பெய்லன் என்பவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கேண்டி ஆப்பிள் சிவப்பு அதில் பிரசித்தம். வித்தை எளிது. கீழே தங்கம் அல்லது வெள்ளி நிறம். மேலே ஒளி ஊடுருவும் சிவப்பு. வெளிச்சம் சிவப்புக்குள் புகுந்து, உலோகத்தில் மோதி, மறுபடி சிவப்பு வழியாக வெளியே வரும். தங்கத் தகட்டின் மேல் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றிய மாதிரி. மாடல் செய்த பையன்களும் இதையே செய்தார்கள். மினுமினுக்கும் 'மெட்டல் ஃப்ளேக்' மட்டும் சின்னக் காரில் சொதப்பும். 0.1 மில்லிமீட்டர் துகள்கூட 1:25 காரில் இரண்டரை மில்லிமீட்டர் சில்லாகத் தெரியும். கல்யாண மண்டப ஜிகினா மாதிரி. பையன்கள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இந்தக் கதையில் கசப்பும் உண்டு. 1959 வாக்கில் அமெரிக்கப் பத்திரிகைகளில், பிள்ளைகள் மாடல் பசையைப் போதைக்காக முகர்கிறார்கள் என்று செய்தி வரத் தொடங்கியது. பசையில் இருந்த டொலுவீன்தான் காரணம். மூளைக்கும் நரம்புக்கும் கேடு. அறுபதுகளில் பல ஊர்களில் விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்தது. 1969-ல் டெஸ்டர்ஸ் தன் பசையில் கடுகின் காரச்சத்தைக் கலந்தது. கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறுமே, அதேதான். முகர்ந்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். தன் சரக்கையே நாற்றமாக்கிப் பிள்ளைகளை விரட்டியது. நல்ல காரியம்தான். ஆனால் அதற்குள், மாடல் கார் என்றாலே சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் பெற்றோர்களிடம் வந்துவிட்டது.

நான் திரும்பத் திரும்ப யோசிப்பது 1968-ம் வருஷத்தைப் பற்றி. அந்த வருஷம் மேட்டல் கம்பெனி ஹாட் வீல்ஸ் கார்களை வெளியிட்டது. முதல் பதினாறு கார்களில் பெரும்பாலானவற்றை வடிவமைத்தவர் ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து வந்த ஹாரி பிராட்லி. எட் ராத்தின் பீட்னிக் பேண்டிட் அந்தப் பதினாறில் ஒன்று. பளபளக்கும் உலோகத்தின் மேல் ஒளி ஊடுருவும் வண்ணம், அதாவது அதே கேண்டி வித்தை. அறுக்க வேண்டாம், ஒட்ட வேண்டாம், காயக் காத்திருக்க வேண்டாம். டப்பாவிலிருந்து எடுத்து ஓட்ட வேண்டியதுதான். யாரோ ஒருவர் தன் இஷ்டத்துக்குக் கட்டியது, எல்லோருக்கும் ஒன்றுபோலக் கிடைத்தது.

அதே 1968-ல்தான் இன்னொன்று முடிவுக்கு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930-லிருந்து 'கிராஃப்ட்ஸ்மன்ஸ் கில்டு' என்று ஒரு போட்டி நடத்திவந்தது. தொடக்கத்தில் நெப்போலியன் காலத்துக் கோச்சு வண்டியை வரைபடப்படி அப்படியே செய்ய வேண்டும். 1937-லிருந்து சொந்தமாக வடிவமைத்த காரையும் செய்யலாம். மரத்தில் செதுக்கி, தேய்த்து, பல மாதம் உழைப்பார்கள். ஜெயித்தால் கல்லூரிக்கு உதவித்தொகை. 1947-ல் ஜெயித்த சக் ஜோர்டன் பின்னாளில் அதே கம்பெனியின் வடிவமைப்புத் தலைவரானார். பெருமைப்பட வேண்டிய திட்டம்தான். ஆனால் அது பையன்களுக்கு மட்டும். அதுவும் குறையில்லாமல் செய்கிற பையன்களுக்கு.

ஒன்றரை டாலர் டப்பாவுக்கு நடுவர் கிடையாது. கோணலாகச் செய்தவன் காரும் அவன் அலமாரியில் இருந்தது. கடைக்காரர் கல்லாவில் பையனா பொண்ணா என்று கேட்டுக் காசு வாங்கியிருக்கப் போவதில்லை.

எழுபதுகளில் அலை வடிந்தது. 1973 எண்ணெய் நெருக்கடி பிளாஸ்டிக்கையும் அடித்தது, பெரிய என்ஜின் கார் மோகத்தையும் அடித்தது. அப்புறம் வீடியோ கேம். 1978-ல் ஏ.எம்.டி. இங்கிலாந்தின் லெஸ்னிக்குப் போனது, சில வருஷத்தில் எர்ட்லுக்கு. மோனோகிராமும் ரெவெலும் 1986-ல் ஒன்றானார்கள். 2018-ல் தாய்க் கம்பெனி திவாலாகி ரெவெலும் கை மாறியது. ஏ.எம்.டி. பெயரில் பழைய கிட்டுகளை இப்போது ரவுண்ட் 2 என்ற கம்பெனி மறுபடி மறுபடி வெளியிடுகிறது. வாங்குபவர்களில் நிறையப் பேர் அன்றைக்குப் பேப்பர் போட்ட பையன்கள்தான். தலை நரைத்தவர்கள்.

இதற்குள் ஜப்பான் வேறு பாதையில் வெகுதூரம் போய்விட்டது. ஷிசுவோகாவில் மரம் அறுக்கும் மில்லாகத் தொடங்கிய தமியா, 1976-ல் 1:12 அளவில் போர்ஷே 934 வெளியிட்டது. அதைத் துல்லியமாகச் செய்ய ஷுன்சாகு தமியா ஒரு நிஜ போர்ஷே 911 காரையே வாங்கிப் பிரித்துப் பார்த்தார். 2025-ல், தொண்ணூறு வயதில்தான் மறைந்தார். அவர்கள் கிட்டில் துண்டுகள் சொடுக்குப் போட்ட மாதிரி பொருந்தும் என்பார்கள். தரக் கட்டுப்பாட்டு ஆசாமியான எனக்கு அது சொர்க்கம். ஆனால் அதில் கஸ்டம் துண்டுகளைப் போட்டு, உன் இஷ்டம் என்று சொல்வதில்லை.

இதையெல்லாம் இரண்டு மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். படிக்கப் படிக்க உறைத்தது. மச்சினன் கொண்டுவந்தது கெடுத்துப் பழகுவதற்கென்றே செய்த ஒரு பொருள். அதை மகள் கையிலிருந்து, 'கெடுத்துடுவே' என்று சொல்லிப் பிடுங்கினேன். அப்புறம் நானே கெடுத்தேன். பெரியப்பா என்னைத் தள்ளி நிற்கச் சொன்னதற்காவது ஓர் ஓனர் இருந்தார், ஒரு கடன் இருந்தது. எனக்கு என்ன இருந்தது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பாவை இறக்கி அவள் முன்னால் வைத்தேன். "நான் தொட மாட்டேன் கண்ணு. கேட்டா மட்டும் சொல்றேன்" என்றேன். நம்பாமல் பார்த்தாள். முதலில் வெடித்த பானெட்டைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தாள். பாதி போனது, பாதி போகவில்லை. பட்டி வைக்கலாம் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

"விடுங்கப்பா. இது பழைய லாரி. அப்படித்தான் இருக்கும்."

"லாரியா? இது பிக்கப்."

"நாமக்கல்ல பெரிய தாத்தா பெயின்ட் அடிப்பாருல்ல, அந்த மாதிரி பண்ணப்போறேன்."

கேட்டதற்கு மட்டும் சொன்னேன். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை போக சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும் பிரைமர் முதலில். எதையும் முதலில் வெற்றுச் சட்டத்திலோ வேண்டாத கஸ்டம் துண்டிலோ அடித்துப் பார்த்து, ஒரு நாள் விட்டு, பிறகு வண்டியில். ஸ்டேஷனரி கடை அக்ரிலிக் போதும். தண்ணீரில் கரைவது, பிளாஸ்டிக்கைக் கடிக்காது. ஜன்னலைத் திறந்து வை. இவ்வளவுதான்.

நாலு வாரம் எடுத்துக்கொண்டாள். வண்டி மஞ்சள், ஆரஞ்சு, பச்சை. கேபின் ஓரக் கோடு பாம்பு மாதிரி போகிறது. பானெட்டின் வெடிப்புக்கு மேலே பழுப்பு தடவித் துருவாக்கிவிட்டாள். கஸ்டம் துண்டுகளிலிருந்து ஒரு கிரில், ரேஸ் துண்டுகளிலிருந்து சக்கரம். பின்கதவு இரண்டு அங்குல அகலம். அதில் ஏதோ எழுத வேண்டும் என்று என்னிடம் தமிழ் எழுத்துகளைக் கேட்டாள். புனேயில் பிறந்தவள், வாரம் ஒரு மணி நேரம் தமிழ் படிக்க உட்கார வைப்பதற்கு தங்கமணி படும் பாடு எனக்குத் தெரியும். எழுதிக் காட்டட்டுமா என்றேன். வேண்டாம், தெரியும் என்றாள்.

முடித்துவிட்டுக் கொண்டுவந்து காட்டினாள். சிவப்பில் இரண்டு வரி. 'பெறிய தாத்தா'.

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தங்கமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்கு கண்ணு" என்றேன். நல்லாத்தான் இருக்கிறது.

பெரியப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது வண்டியைக் கையோடு எடுத்துப் போனோம். பெரியம்மா அதை உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டி.வி. பக்கத்தில், அவர் படத்துக்குக் கீழே வைத்துக்கொண்டார். திருப்பித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மச்சினனிடம் அடுத்த தடவை இரண்டு டப்பாவாகக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஒன்று எனக்கு. கூரையை அறுக்கப் போகிறேன். கோணலாகத்தான் போகும், பார்ப்போம்.